பரணிலிருந்து இறக்கிய டிவிடி பிளேயரைப் புது டிவியில் ஓட வைப்பது எப்படி?

கேள்வி: 2008இல் வாங்கிய டிவிடி பிளேயர் பல வருடமாகப் பரணில் கிடந்தது. புது 43 அங்குல ஸ்மார்ட் டிவியில் மாட்டினால் படம் கறுப்பு வெள்ளையாக வருகிறது. சில டிஸ்க்குகளுக்கு 'நோ டிஸ்க்' என்கிறது. கல்யாண டிவிடி பாதியில் நின்றுவிடுகிறது. சரிசெய்யலாமா, வேறு வாங்குவதா?

பதில்:

மூன்று புகாருக்கும் மூன்று தனித்தனிக் காரணங்கள். கறுப்பு வெள்ளைக்குக் காரணம் ஒயர் இடம் மாறியது அல்லது ஒரு செட்டிங். 'நோ டிஸ்க்' வருவது பெரும்பாலும் லென்ஸ் தூசியால், இல்லையென்றால் லேசர் களைத்துப் போனதால். பாதியில் நிற்பதற்கு பிளேயரும் காரணமாகலாம், டிஸ்க்கும் காரணமாகலாம். எது என்று கண்டுபிடிக்கக் கீழே ஒரு சோதனை சொல்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிளேயர் போனால் இன்னொன்று கிடைக்கும். கல்யாண டிவிடி கம்ப்யூட்டர் ரைட்டரில் எழுதிய டிஸ்க். அது போனால் போனதுதான். அதனால் பிளேயர் ஓடத் தொடங்கினாலும் இல்லாவிட்டாலும் அந்த டிஸ்க்கை நகலெடுக்கும் வேலையைத் தள்ளிப் போடாதீர்கள்.

முதலில் ஒயர். அந்தக் காலத்துப் பிளேயரின் முதுகில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என மூன்று துளை இருக்கும். மஞ்சளில் படம், வெள்ளையில் இடது ஒலி, சிவப்பில் வலது ஒலி. பக்கத்திலேயே பச்சை, நீலம், சிவப்பு என்று காம்போனென்ட் துளைகள் மூன்று. இந்தச் சிவப்பு படத்துக்கு உரியது. ஒலிச் சிவப்போடு குழப்பிக்கொண்டால் நிறமெல்லாம் தாறுமாறாக வரும். ஆரஞ்சு நிறத்தில் ஒரு துளை தனியாக இருந்தால் அது டிஜிட்டல் ஒலி. அதில் மஞ்சள் ஒயரைச் செருகினால் ஒன்றும் வராது.

மஞ்சள் ஒயரில் வெளிச்சமும் நிறமும் ஒரே கம்பியில் சேர்ந்து போகின்றன. காம்போனென்ட்டில் பச்சைக் கம்பி வெளிச்சத்தை மட்டும் சுமக்கும், நிறம் நீலத்திலும் சிவப்பிலும் போகும். பல புது டிவிகளில் இடம் மிச்சம் பிடிக்க மஞ்சளையும் பச்சையையும் ஒரே துளையாக்கிவிட்டார்கள். அந்தத் துளையைச் சுற்றிப் பாதி பச்சை, பாதி மஞ்சள் வளையம் இருக்கும். அதில் மஞ்சள் ஒயரைச் செருகிவிட்டு டிவியின் சோர்ஸ் பட்டியலில் 'காம்போனென்ட்' என்று தேர்ந்தால், டிவி வெளிச்சத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கறுப்பு வெள்ளையாகக் காட்டும். 'ஏவி' என்று மாற்றினால் நிறம் வந்துவிடும். பிளேயரின் பச்சையிலிருந்து டிவியின் மஞ்சளுக்குப் போட்டிருந்தாலும் இதே கதைதான்.

இரண்டும் சரியாக இருந்தும் கறுப்பு வெள்ளை என்றால், அல்லது படம் மேலும் கீழும் உருண்டால், பிளேயரின் செட்டப் மெனுவில் 'டிவி டைப்' என்பதைப் பாருங்கள். இந்திய, இலங்கை டிவிகளுக்கு உரியது பால்: விநாடிக்கு 25 படம், 720க்கு 576 புள்ளி. அமெரிக்க, ஜப்பான் முறை என்டிஎஸ்சி: விநாடிக்கு ஏறக்குறைய 30 படம், 720க்கு 480 புள்ளி. வெளிநாட்டுத் தமிழர்களை மனத்தில் வைத்து லண்டனின் ஐங்கரன் போன்ற நிறுவனங்கள் வெளியிட்ட டிவிடிகள் பெரும்பாலும் என்டிஎஸ்சி. உள்ளூர் ஸ்டூடியோ எடுத்த கல்யாண டிவிடி பால். இரண்டும் கலந்திருக்கும் வீட்டில் 'ஆட்டோ' அல்லது 'மல்டி' என்று வைத்துவிடுவதே நிம்மதி.

உங்கள் டிவியில் மூன்று துளைகளே இல்லாமல் 'ஏவி இன்' என்று ஹெட்ஃபோன் துளை போல ஒன்று மட்டும் இருக்கலாம். டிவி பெட்டியோடு ஒரு முனை 3.5 மில்லிமீட்டர் பின், மறுமுனை மூன்று நிறம் என்று ஒரு சின்ன ஒயர் வந்திருக்கும். அதைத் தேடி எடுங்கள். அந்தப் பின்னில் நான்கு பட்டைகள் உண்டு. எந்தப் பட்டையில் படம், எதில் ஒலி என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பழைய ஹேண்டிகேமோடு வந்த ஒயர் பார்க்க அச்சு அசலாக இருந்தாலும் பட்டை வரிசை வேறாக இருந்தால் படம் வராமல் ஸ்பீக்கரில் 'கொர்ர்' என்று இரைச்சல் வரும். அப்போது மஞ்சளையும் சிவப்பையும் இடம் மாற்றிப் பாருங்கள், பல சமயம் சரியாகிவிடும்.

ஹெச்டிஎம்ஐ துளை மட்டுமே உள்ள டிவி என்றால் 'ஏவி டு ஹெச்டிஎம்ஐ' கன்வெர்ட்டர் வேண்டும். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய டப்பா. டிவியின் யுஎஸ்பியிலிருந்தே 5 வோல்ட் எடுத்துக்கொள்ளும். கடையில் இதன் எதிர்த்திசை டப்பாவும், அதாவது ஹெச்டிஎம்ஐயை ஏவியாக மாற்றுவதும், அதே அச்சில் தொங்கும். பெயரைப் படித்து வாங்குங்கள். விலை குறைந்த கன்வெர்ட்டர்களில் ஒரு குறை உண்டு: எல்லாப் படத்தையும் அகலத் திரைக்கு இழுத்துவிடும், மாப்பிள்ளையும் பெண்ணும் குண்டாகத் தெரிவார்கள். டிவி ரிமோட்டில் 4:3 வைத்தால் சரியாகும்.

ஒயர் மாட்டும்போது டிவி, பிளேயர் இரண்டின் பிளக்கையும் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். இரண்டு பின் பிளக் உள்ள கருவிகளின் உலோகப் பகுதியில் லேசான கசிவு மின்சாரம் இருக்கும், விரலில் சுருக்கென்று தெரியும். மனிதருக்கு அது பெரிதல்ல. ஆனால் டிவியின் உள்ளீட்டுச் சிப் அதில் போய்விடக்கூடும்.

இருட்டுத் திரை என்பது இன்னொரு பொதுவான புகார்: பிளேயரின் முகப்பில் நேரம் ஓடுகிறது, டிவியில் ஒன்றும் இல்லை. யாரோ ரிமோட்டில் 'பி-ஸ்கேன்' அல்லது 'வி-மோட்' பொத்தானைத் தொட்டிருப்பார்கள். அதனால் பிளேயர் தன் படத்தைக் காம்போனென்ட் பக்கம் திருப்பிவிட்டிருக்கும், மஞ்சள் துளை செத்துக் கிடக்கும். டிஸ்க்கை வெளியே எடுத்துவிட்டு அதே பொத்தானை இரண்டு விநாடிக்கு ஒருமுறை அழுத்திக்கொண்டே வாருங்கள். நாலைந்து அழுத்தலுக்குள் கம்பெனி லோகோ திரும்பி வரும்.

செட்டப்பில் இறங்கியிருக்கும்போதே இன்னும் இரண்டைப் பார்த்துவிடலாம். 'டிவி டிஸ்ப்ளே' 4:3 லெட்டர்பாக்ஸ் என்று இருந்தால் சினிமா டிவிடி நாலாபக்கமும் கறுப்புச் சட்டம் கட்டிக்கொண்டு நடுவில் சின்னதாகத் தெரியும், 16:9க்கு மாற்றுங்கள். ஒலியில் 'டவுன்மிக்ஸ்' என்பதை 'ஸ்டீரியோ' ஆக்குங்கள். பாட்டும் பின்னணி இசையும் வெளுத்து வாங்குகிறது, வசனம் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது என்பவர்கள் எல்லோருக்கும் இதுதான் மருந்து. 5.1 ஒலியில், அதாவது ஆறு ஸ்பீக்கருக்குப் பிரித்த ஒலியில், பேச்சு நடு ஸ்பீக்கரில் இருக்கிறது. உங்களிடம் இருப்பதோ இடது, வலது இரண்டு மட்டும். டவுன்மிக்ஸ் இல்லாவிட்டால் நடு ஸ்பீக்கரின் பங்கு எங்கும் போகாமல் அப்படியே தொலைகிறது. மைக் துளை உள்ள மாடலில் 'வோக்கல்' ஆஃப் ஆகியிருந்தாலும் பேச்சு மங்கும். கரோக்கி பாடுவதற்காக வைத்த வசதி அது. ஹெச்டிஎம்ஐ உள்ள பிளேயரில் சில டிஸ்க்குக்கு மட்டும் ஒலியே வரவில்லை என்றால் டிஜிட்டல் ஒலியை 'ரா' விலிருந்து 'பிசிஎம்' ஆக்குங்கள்.

இனி 'நோ டிஸ்க்'. இதில்தான் ஆட்கள் பிளேயரைத் தூக்கிப் போடுகிறார்கள், அவசரப்பட்டு.

டிவிடி என்பது 12 சென்டிமீட்டர் அகலம், 1.2 மில்லிமீட்டர் தடிமன். 0.6 மில்லிமீட்டர் தகடு இரண்டை ஒட்டிச் செய்தது. தகவல் நடுவில் இருக்கிறது. தடத்துக்குத் தடம் இடைவெளி 0.74 மைக்ரான், சிடியில் 1.6 மைக்ரான். இவ்வளவு நெருக்கமான தடத்தை 650 நானோமீட்டர் சிவப்பு லேசர் படிக்க வேண்டும். சிடி, விசிடிக்கு 780 நானோமீட்டர் லேசர். லேசரும் லென்ஸும் சேர்ந்த உறுப்புக்குப் பிக்கப் என்று பெயர். பல பிக்கப்புகளில் இரண்டு லேசருக்கும் தனித்தனி டையோடு (ஒளி தரும் சில்லு), லென்ஸ் மட்டும் பொது. விசிடி ஓடுகிறது, டிவிடி மட்டும் 'நோ டிஸ்க்' என்றால் சிவப்பு டையோடு களைத்துவிட்டது என்று ஊகிக்கலாம். எதுவுமே ஓடவில்லை என்றால் லென்ஸ் தூசி, சுழற்றும் மோட்டார், பவர் சப்ளை என்று சந்தேகம் விரியும்.

சில டிஸ்க் ஓடுகிறது, சில ஓடவில்லை என்பதற்கும் கணக்கு உண்டு. அச்சடித்த ஒற்றை அடுக்கு டிவிடி தன்மேல் விழும் ஒளியில் 45 முதல் 85 சதவீதம் வரை திருப்பி அனுப்பும்படி வகுத்திருக்கிறார்கள். இரட்டை அடுக்கு டிஸ்க்கும் அழித்து எழுதும் ஆர்டபிள்யூ டிஸ்க்கும் 18 முதல் 30 சதவீதம்தான். எழுதும் ஆர் வகை டிஸ்க் புதிதில் நன்றாகத் திருப்பினாலும், தகவல் ஒரு சாயப் படலத்தில் இருப்பதால் வருடம் போகப் போக வெளிறும். லென்ஸில் தூசி படிந்தாலோ லேசர் தளர்ந்தாலோ முதலில் ஆர்டபிள்யூ, அடுத்து எழுதிய டிஸ்க், அப்புறம் இரட்டை அடுக்கு சினிமா என்று ஒவ்வொன்றாகக் கைவிடும். கடையில் வாங்கிய ஒற்றை அடுக்கு டிஸ்க் கடைசிவரை ஓடும். உங்கள் பிளேயர் இந்த ஏணியில் நடுப்படியில் நிற்பதாகத் தெரிகிறது. நல்ல செய்திதான், சுத்தம் செய்தால் பெரும்பாலும் மீளும் கட்டம் இது.

பிரஷ் ஒட்டிய லென்ஸ் கிளீனர் டிஸ்க் மேலோட்டமான தூசிக்குப் போதும். பரணில் வருடக்கணக்கில் கிடந்ததற்கு மூடியைத் திறப்பதே வழி. பிளக்கைக் கழற்றுவதற்கு முன் ட்ரேயை வெளியே வரவழைத்து, அந்த நிலையிலேயே மின்சாரத்தை நிறுத்துங்கள். லென்ஸுக்கு மேலே இடம் கிடைக்கும். பக்கத்துக்கு இரண்டு, பின்னால் மூன்று என்ற கணக்கில் ஸ்க்ரூ இருக்கும். மூடியைப் பின்பக்கமாக இழுத்துத் தூக்கினால் வந்துவிடும்.

திறந்ததும் மின்சார ஒயர் வந்து சேரும் சிறிய போர்டைக் கண்டுகொள்ளுங்கள். அதில் 400 வோல்ட் என்று எழுதிய கொழுத்த கன்டென்சர் ஒன்று நிற்கும். 230 வோல்ட் மின்சாரம் திருத்தப்பட்டு அதில் 325 வோல்ட்டாகச் சேர்கிறது; பிளக்கைக் கழற்றிய பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே இருக்கும். பத்து நிமிடம் கழித்து வேலையைத் தொடங்குங்கள். தொடங்கிய பிறகும் அந்தப் போர்டின் பக்கம் கையைக் கொண்டுபோக வேண்டாம்.

லென்ஸ் பச்சைப்பயறு அளவில், லேசான நீலச் சாயலோடு இருக்கும். தலைமுடியைவிட மெல்லிய கம்பிகளில் தொங்குகிறது. அழுத்தினால் கம்பி வளையும், அதோடு பிக்கப்பே முடிந்தது. முதலில் ரப்பர் ஊதியால் தூசியை ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். பிறகு காது பட்ஸின் நுனியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், 99 சதவீதம் உள்ளது, ஒரே ஒரு துளி. பஞ்சு ஈரமாக இருந்தால் போதும், சொட்டக் கூடாது. நடுவிலிருந்து வெளிப்பக்கம் வட்டமாக இரண்டு சுற்று, பட்ஸின் எடையைத் தவிர வேறு எடை படாமல். காய்ந்த மறுமுனையால் ஒருமுறை. பத்து நிமிடம் ஆறவிட்டு மூடியைப் போட்டுச் சோதியுங்கள். நெயில் பாலிஷ் ரிமூவர், தின்னர், சென்ட் எதுவும் ஆகாது. லென்ஸ் கண்ணாடியல்ல, பிளாஸ்டிக். அசிட்டோன் பட்டால் நிமிடத்தில் வெளுத்துவிடும்.

மூடி திறந்திருக்கும்போதே லென்ஸ் வண்டி ஓடும் உலோகத் தண்டுகளைப் பாருங்கள். பழைய கிரீஸ் பிசினாக இறுகியிருந்தால் துடைத்துவிட்டு, பிளாஸ்டிக்குக்கு ஆகும் வெள்ளை கிரீஸை ஊசி முனையளவு தடவுங்கள். தையல் மெஷின் எண்ணெய் வேண்டாம். அது ஓடி லென்ஸில் ஏறும். ட்ரே திணறித் திணறித் திறக்கிறது என்றால் முன்பக்கத்தில் ஒரு சின்ன ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும். அதே ஆல்கஹாலால் துடைத்தால் சில வாரம் ஓடும், மாற்றினால் வருடக்கணக்கில் ஓடும். பழைய பெல்ட்டைக் கையோடு எடுத்துப் போய் அளவு பார்த்து வாங்குங்கள், சென்னை ரிச்சி தெரு மாதிரி இடத்தில் கொத்துக் கொத்தாகக் கிடைக்கும்.

மழைக்காலக் காலையில் மட்டும் 'நோ டிஸ்க்' வந்து, அரை மணி நேரம் ஆன் செய்து வைத்த பிறகு சரியாகிறது என்றால் லென்ஸில் ஈரம் படிகிறது, அவ்வளவுதான். இடத்தை மாற்றுங்கள்.

சுத்தம் செய்தும் மசியவில்லை என்றால் பிக்கப் மாற்ற வேண்டும். மெக்கானிக் 'லென்ஸ் மாத்தணும்' என்று சொல்வது இந்த முழு உறுப்பைத்தான். அதன் பக்கவாட்டில் எண் அச்சாகியிருக்கும்: எஸ்எஃப்-ஹெச்டி62, கேஹெச்எம்-313 என்பது போல. அதே எண்ணைத்தான் போட வேண்டும். மோட்டாரும் தட்டும் சேர்ந்த முழு மெக்கானிசமாகக் கிடைத்தால் அதையே வாங்குவது நல்லது, டிஸ்க் உட்காரும் உயரத்தைக் கம்பெனியிலேயே சரிபார்த்திருப்பார்கள். புதுப் பிக்கப்பில் நிலைமின்சாரம் டையோடைத் தாக்காமல் இருக்க இரண்டு புள்ளிகளை ஈயப்பொட்டு வைத்து இணைத்திருப்பார்கள். பட்டையான ரிப்பன் ஒயரைச் செருகிய பிறகு அந்தப் பொட்டைச் சால்டரிங் அயர்னால் எடுத்துவிட வேண்டும். இதை மறந்துவிட்டு 'புது லென்ஸும் டூப்ளிகேட்' என்று கடைக்காரரோடு சண்டை போடுபவர்கள் உண்டு. பொட்டை முதலிலேயே எடுத்துவிட்டு ரிப்பனைச் செருகினாலும் ஆபத்து.

பிக்கப்பின் அடியில் உள்ள பிரிசெட் என்ற குட்டித் திருகைத் திருப்பி லேசரைக் கூட்டிக் கொடுக்கும் வைத்தியமும் புழக்கத்தில் இருக்கிறது. உடனே படம் வரும், வீட்டுக்காரர் மகிழ்வார். அதிகக் கரண்டில் எரியும் டையோடு சீக்கிரமே முழுசாக அணையும். ஒரே ஒரு டிஸ்க்கை ஒருமுறை படித்துவிட்டால் போதும் என்ற நிலையில் தவிர இதற்குச் சம்மதிக்காதீர்கள்.

டிஸ்க் சுழலத் தொடங்கியதும் முகப்பு எழுத்து மங்கி, பிளேயர் தானே அணைந்து மறுபடி எழுந்தால் லென்ஸைக் குற்றம் சொல்ல வேண்டாம். பவர் சப்ளைப் போர்டில் 5 வோல்ட் பாதையில் உள்ள 1000 மைக்ரோஃபாரட் கன்டென்சர்களின் தலை உப்பியிருக்கும். அதே மைக்ரோஃபாரட், வோல்ட் சமமாகவோ ஒரு படி கூடுதலாகவோ, 105 டிகிரி வகை போட்டுவிட்டால் தீர்ந்தது. சால்டரிங் தெரிந்தவர் கையால் செய்ய வேண்டிய வேலை.

அடுத்து, பாதியில் நிற்கும் கல்யாண டிவிடி. சொன்ன சோதனை இது: நிற்கும் நேரத்தைக் குறித்துக்கொண்டு, டிஸ்க்கை எடுத்துத் துடைத்து மறுபடி ஓட்டுங்கள். ஒவ்வொரு முறையும் அதே நிமிடத்தில் நின்றால் கோளாறு டிஸ்க்கில். இஷ்டத்துக்கு வேறு வேறு இடத்தில் நின்றால் பிளேயரில். ஓட ஆரம்பித்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் எந்த டிஸ்க்கும் திணறுகிறது என்றால் சூடு. செட்டாப் பாக்ஸின் தலையில் பிளேயரை ஏற்றி வைத்திருப்பீர்கள், இறக்குங்கள்.

டிவிடி உள்வட்டத்திலிருந்து வெளிவட்டத்துக்குப் படிக்கப்படுகிறது. ஸ்டூடியோக்காரர்கள் முகூர்த்தம் முதல் மறுவீடு வரை எல்லாவற்றையும் ஒரே டிஸ்க்கில் திணித்து, 4.7 ஜிபியையும் விளிம்புவரை நிரப்பித் தருவது வழக்கம். விரல் ரேகையும் கீறலும் சாயம் வெளிறுவதும் அதிகம் நடக்குமிடம் அந்த விளிம்பு. அதனால்தான் தாலி கட்டுவது நன்றாக ஓடும், விருந்து காட்சி திக்கும். சினிமா டிவிடி ஏறக்குறைய நடுவில் உறைந்து நின்றால் அது வேறு: இரட்டை அடுக்கு டிஸ்க்கில் முதல் அடுக்கு முடிந்து இரண்டாவது தொடங்கும் இடம், தளர்ந்த லேசருக்கு அந்தத் தாவல் கடினம்.

துடைப்பது எப்படி என்பதில் பலரும் தவறுகிறார்கள். வட்டமாகத் துடைக்கக் கூடாது. நடுத்துளையிலிருந்து விளிம்புக்கு நேர்கோடாகத் துடைக்க வேண்டும். தடத்தின் போக்கிலேயே விழும் கீறல் பல பைட்டுகளை வரிசையாக அழிக்கும். குறுக்குக் கீறலைப் பிளேயரின் பிழைதிருத்தம் சமாளித்துவிடும். தடத்தின் நெடுக ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் வரையிலான இழப்பை அது ஈடுகட்டும். கைரேகைக்கும் கடலோர வீடுகளில் படரும் பூஞ்சைக்கும் மிதமான சோப்புத் தண்ணீர், பிறகு நல்ல தண்ணீர், பிறகு பருத்தித் துணி. டூத்பேஸ்ட் வைத்தியம் மேலோட்டமான கீறலை மழுப்பும், ஆழமானதைத் தொடாது. முதலில் நகலெடுக்க முயன்று, படிக்கவே முடியாத இடத்துக்கு மட்டும் கடைசியாக அதை முயலுங்கள். அடிப்பக்கம் ஊதா அல்லது பச்சைச் சாயலாக இருந்தால் அது எழுதிய டிஸ்க், வெள்ளியாக இருந்தால் அச்சடித்தது. சாயம் வெளிறிய டிஸ்க்கைத் தேய்த்து ஒன்றும் ஆகப் போவதில்லை.

நகலெடுக்க யுஎஸ்பியில் மாட்டும் வெளி டிவிடி டிரைவ் ஒன்று போதும். கம்ப்யூட்டர் டிரைவ் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும். பிளேயர் கைவிட்ட டிஸ்க் அதில் திறப்பது சாதாரணம். டிஸ்க்கைத் திறந்தால் 'வீடியோ டிஎஸ்', 'ஆடியோ டிஎஸ்' என்று இரண்டு ஃபோல்டர். இரண்டாவது காலியாகத்தான் இருக்கும், பயப்பட வேண்டாம். முதலாவதில் 1 ஜிபி வீதம் வெட்டிய விஓபி ஃபைல்களும் மெனுவுக்கான ஐஎஃப்ஓ ஃபைல்களும் இருக்கும். ஃபோல்டரை முழுதாக நகலெடுங்கள்; விஓபியை மட்டும் பொறுக்கினால் மெனுவும் அத்தியாய வரிசையும் போய்விடும். 32 ஜிபி பென்டிரைவில் ஆறு டிஸ்க் அடங்கும். பென்டிரைவில் ஒன்று, ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, சொந்தக்காரர் வீட்டில் ஒன்று என்று வையுங்கள்.

டிவியில் நேராக ஓட ஒரே ஃபைலாக வேண்டும் என்றால் மேக்எம்கேவி என்ற மென்பொருள் தரத்தைக் குறைக்காமல் எம்கேவி ஆக்கித் தரும். இடம் குறைய வேண்டும் என்றால் ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருள். அதில் 'டீஇன்டர்லேஸ்' போட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் மாலை மாற்றும் கை சீப்புப் பல்லாகத் தெரியும். 576 வரியை 1080 ஆக்குவதால் ஒரு புள்ளிகூடப் புதிதாகப் பிறக்காது. எப்படி மாற்றினாலும் மூல ஃபோல்டரை அழிக்காதீர்கள்.

நகல் பாதியில் பிழை காட்டி நின்றால் லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருள். முதல் சுற்றில் பழுதான இடங்களைத் தாண்டிவிட்டு நல்லதையெல்லாம் அள்ளிக்கொள்ளும், அடுத்த சுற்றில் மிச்சத்தோடு மல்லுக்கட்டும். முழு டிஸ்க்கில் சில விநாடி மட்டும் இழப்போடு தப்புவது இப்படித்தான். கேமராவிலேயே பதிவான சின்ன டிவிடியோ, ரெக்கார்டரில் எடுத்ததோ, கம்ப்யூட்டரில் காலி என்று காட்டினால் அதை அன்று 'ஃபைனலைஸ்' செய்யவில்லை, அதாவது மற்றக் கருவிகளும் படிக்கும்படி முடித்து மூடவில்லை. எழுதிய கருவியே இருந்தால் அதில் ஃபைனலைஸ் செய்யலாம், இல்லாவிட்டால் ஐஎஸ்ஓபஸ்டர் என்ற மென்பொருள் உள்ளே இருப்பதை எடுத்துத் தரும். கடையில் வாங்கிய பூட்டுப் போட்ட சினிமா டிவிடிகளின் சட்ட விவகாரம் தனி. நான் சொல்வதெல்லாம் உங்கள் வீட்டு வீடியோவுக்கு.

விசிடி இருந்தால் அதற்கு முந்திக்கொள்ளுங்கள். சிடி வகையில் தகவல் படலம் லேபிளுக்கு நேர் கீழே, மெல்லிய வார்னிஷ் பூச்சுக்கு அடியில் இருக்கிறது. லேபிளில் விழும் கீறலே தகவலைச் சுரண்டிவிடும். டிவிடிக்கு அந்தப் பயம் குறைவு. 'எம்பெக் ஏவி' ஃபோல்டரில் உள்ள டேட் ஃபைலை நகலெடுத்தால் விஎல்சியில் ஓடும். படம் 352க்கு 288 புள்ளிதான், பெரிய டிவியில் சதுரம் சதுரமாகத் தெரிவது பிளேயரின் குற்றமில்லை.

நகலை மறுபடி டிவிடியாக எழுதுவதானால் 4 எக்ஸ் அல்லது 8 எக்ஸ் வேகம் போதும், 16 எக்ஸ் வேண்டாம். மேலே காகித ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். எடை ஒருபக்கம் சாய்ந்து சுழலும்போது அதிரும், கோடையில் உரியும். சிடி மார்க்கரால் எழுதுங்கள். உறையில் போட்டு நிற்க வையுங்கள், வெயில் படும் அலமாரி கூடாது.

பிளேயரின் முன்னால் உள்ள யுஎஸ்பி துளையை நம்பி ஏமாற வேண்டாம். அது எம்பி3யையும் பழைய டிவ்எக்ஸ், எக்ஸ்விட் ஏவிஐயையும்தான் படிக்கும், அதுவும் எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவில். இன்றைய எம்பி4 அதற்குப் புரியாது. உங்கள் டிவியின் யுஎஸ்பியே மேல்.

வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்த டிஸ்க் 'ராங் ரீஜன்' என்றால் அது மண்டலப் பூட்டு. அமெரிக்காவும் கனடாவும் 1, ஐரோப்பாவும் ஜப்பானும் 2, சிங்கப்பூரும் மலேசியாவும் 3, இந்தியாவும் இலங்கையும் 5. தமிழ்ப் பட டிவிடிகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்தப் பூட்டே கிடையாது.

கடைசியாக, வேறு வாங்குவதா? சுத்தம், பெல்ட், கன்டென்சர், பிக்கப் வரை செலவு செய்யலாம். லோகோவே வராமல், பவர் சப்ளை 5 வோல்ட்டும் 12 வோல்ட்டும் ஒழுங்காகக் கொடுத்தும் மெயின் போர்டு எழவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். அதற்கு ஆகும் கூலியில் பழைய பிளேயர் இன்னொன்று வரும். வாங்குவதானால் ஹெச்டிஎம்ஐ உள்ளதாகப் பாருங்கள், கன்வெர்ட்டர் தொல்லை இல்லை. ப்ளூரே பிளேயர் கிடைத்தால் இன்னும் நல்லது, டிவிடியையும் படிக்கும். செகண்ட் ஹேண்டில் எடுக்கும்போது கடைக்காரர் போட்டுக் காட்டும் சினிமா டிஸ்க்கை வைத்து முடிவு செய்யாதீர்கள். வீட்டிலிருந்து ரைட்டரில் எழுதிய டிஸ்க் ஒன்றைக் கொண்டுபோய், அதன் கடைசிப் பத்து நிமிடத்துக்குத் தாவி ஓடவிட்டுப் பாருங்கள். அதுவும் தடங்கலில்லாமல் ஓடினால் வாங்கலாம்.